எஞ்சின் வைத்த வீடு

பென்டில் ஹில்,
சிட்னி.
6-3-1977

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

நான் சுகம். உமது சுகமும் பவளம் அக்காவின் சுகமும் அறிய ஆவல். அக்காவோடு பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மெல்பேர்ணுக்கு ரயில் ஏறினீர். ஏழு மாதம் ஆகிறது. குறை சொல்லவில்லை, கலண்டர் சொன்னதைச் சொல்கிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. கரவனை விற்றுவிட்டேன். உமக்குக் கண்ணிலும் காட்டக்கூடாத அந்தப் பெட்டியை ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் ஆசையோடு இழுத்துக்கொண்டு போனார். காரையும் கொடுத்தாயிற்று. இரண்டுக்கும் பதிலாக ஒரு மோட்டர் ஹோம் வாங்கியிருக்கிறேன். இது காருக்குப் பின்னால் இழுபடுகிற வீடு இல்லை. லொறியின் முதுகிலேயே வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். முன்னால் ஸ்டியரிங், நடுவில் குசினி, பின்னால் கட்டில். றோட்டு வேலை எந்த ஊருக்கு மாறினாலும் கொளுவுவதும் கழற்றுவதும் இனி இல்லை. இருந்த இடத்திலிருந்து எழும்பிப் போகிற வீடு.

என்னோடு வேலை செய்கிற ஜெயரட்ணத்தின் வளவில்தான் நிறுத்தியிருக்கிறேன். இது புது வாகனமா, புது வீடா என்று அவருக்கும் எனக்கும் அரை நாள் வாக்குவாதம். கடைசியில் இரண்டு சடங்கையும் செய்தோம். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். உள்ளே புதுப் பானையில் பால் காய்ச்சினேன். பால் பொங்கித் தெற்குப் பக்கமாக வழிந்தது. ஜெயரட்ணத்தின் மனைவி ரஞ்சினி முகத்தைச் சுளித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டா. வீட்டுக்காரி இல்லாமல் காய்ச்சினால் அப்படித்தான் என்று ஜெயரட்ணம் சொன்னார். அதை உமக்கு எழுதச் சொன்னவரும் அவர்தான்.

கரவனிலிருந்து மாறுகிறவர்களுக்கு என்று கடைக்காரன் அச்சடித்த பட்டியல் ஒன்று தந்தான். நாற்பத்தொரு சாமான். எது நமக்குத் தேவை, எது அவனுடைய பிழைப்புக்குத் தேவை என்று எனக்குப் பிடிபடவில்லை. ஐந்து வருடம் கரவனுக்குள் குடும்பம் நடத்தியவர் நீர். எது எது வேண்டும் என்று எழுதி அனுப்பும். நீர் சொல்கிறபடி வாங்கி, நீர் வரும்போது எல்லாம் அதன் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்படிக்கு,
உம்முடைய கேதீஸ்வரன்


புட்ஸ்கிறே,
மெல்பேர்ண்.
15-3-1977

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம். பவளம் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்கும் வேலை எடுத்துத் தந்திருக்கிறா. கை வெடிக்கிறது, மற்றப்படி குறை இல்லை.

பால் தெற்கே வழிந்ததற்கு வீட்டுக்காரி காரணம் இல்லை. ஜெயரட்ணம் அண்ணையின் வளவு தெற்கே சரிவு. பானை சரிந்து நின்றால் பாலும் அந்தப் பக்கம்தான் வழியும். ஆகவே முதல் சாமான், சில்லுக்குக் கீழே வைக்கிற ஆப்புக் கட்டைகள், இரண்டு சோடி. கரவனில் குமிழி ஓடுகிற சின்ன நீர்மட்டம் ஒன்று வைத்திருந்தோமே, அது எப்படியோ என் பெட்டிக்குள் வந்துவிட்டது. நீங்கள் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

கரவனைக் காரோடு கொளுவுகிற பூட்டு, முன் சில்லு, சங்கிலி எல்லாம் தபால்காரரிடமே போகட்டும். குடிக்கிற தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவுக்கு வேறு குழாய், நிறம் பார்த்து வாங்குங்கள். நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுருட்டி வைக்கிற ஆள் என்று எனக்குத் தெரியும். கரண்ட் வயர் நீளமாக இருக்கட்டும். தீயணைக்கிற சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், வாசலில் மாட்டுங்கள். அடுப்பில் தீப்பிடித்தால் அடுப்பைத் தாண்டி யார் கை நீட்டுவது?

முக்கியமானது அலுமாரிக் கொளுக்கிகள். கரவனுக்குள் என்ன விழுந்தாலும் கார் ஓட்டுகிறவருக்குக் கேட்காது, போய்ச் சேர்ந்த பிறகுதான் அழ வேண்டும். இதில் நீங்கள் அதே அறையில் இருந்து ஓட்டுகிறீர்கள். பிறேக் பிடித்தால் தேங்காய்த் திருவலை உங்கள் பிடரிக்குத்தான் வரும். அதைத் தரையோடு கட்டி வையுங்கள். ஓடும்போது குசினியில் ஒன்றும் காய்ச்ச வேண்டாம்.

பக்கக் கண்ணாடிகள் பெரிதாக வேண்டும். முந்தி பின்னால் எடுக்கும்போது நான் இறங்கி நின்று கரவனில் தட்டினேன். ஒரு தட்டு என்றால் வரலாம், இரண்டு என்றால் நில்.

ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டேன். காரையும் விற்றுவிட்டீர்கள். காலையில் நீங்கள் வேலைக்குப் போகும்போது இந்த வீடும் உங்களோடு போகுமா? வீட்டில் இருக்கிற ஆள் எங்கே இருப்பது?

உங்கள் இரஞ்சிதம்


பென்டில் ஹில்,
சிட்னி.
27-3-1977

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

உமது கடிதத்தை ஜெயரட்ணத்துக்கும் வாசித்துக் காட்டினேன். திருவலை பிடரிக்கு வருகிற இடத்தில் அவர் சிரித்த சிரிப்பு நிற்கவில்லை. இப்படி ஒவ்வொரு சாமானாக எழுதுகிறவ வருவதற்கு ஆயத்தமாகத்தான் இருக்கிறா, போய்க் கூட்டிக்கொண்டு வாரும் ஐசே என்று சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எல்லாம் வாங்கிவிட்டேன். இரண்டு நிறக் குழாய், கொளுக்கி பதினாறு, வாசலில் சிலிண்டர், யானைக் காது போலக் கண்ணாடிகள். ஆப்புக் கட்டையும் வாங்கினேன். ஆனால் திரும்பப் பால் காய்ச்சுகிறபோது அதை வைக்கவில்லை. வண்டியை வளவுக்கு வெளியே எடுத்து, கிழக்கே சரிகிற தெருவில் நிறுத்தினேன். பால் கிழக்கே அழகாக வழிந்தது. ரஞ்சினிக்கும் திருப்தி. நீர் இதைச் சொல்லிச் சிரிப்பீர் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீர் கேட்டதற்கும் வழி செய்திருக்கிறேன். உமக்கென்று ஒரு மடக்குக் கதிரை, நல்ல தடித்த கன்வஸ். பெரிய குடை ஒன்று, தேத்தண்ணீருக்கு பிளாஸ்க். நல்ல மரத்தடியாகப் பார்த்து இறக்கிவிட்டுப் போவேன், ஐந்து மணிக்கு வீட்டோடு வந்துவிடுவேன். மழை என்றால் வேலை இடத்துக்கே கூட வரலாம், உள்ளே படுத்திருக்கலாம்.

இன்னும் ஒன்று. வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதுகிறேன். இந்த வீட்டுக்கு எஞ்சின் இருக்கிறது. இனி ஒருவரும் கார் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதுக்காகத்தான் வாங்கினேன்.

பெரிய வெள்ளி லீவுக்கு மெல்பேர்ண் வருகிறேன். உமது பெட்டியைக் கட்டி வையும்.

உம்முடைய கேதீஸ்வரன்


புட்ஸ்கிறே,
மெல்பேர்ண்.
2-4-1977

அன்புள்ள அத்தானுக்கு,

வர வேண்டாம். இந்தக் கடிதம் நீங்கள் புறப்பட முதல் கிடைக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு தபாலில் போடுகிறேன்.

நான் சாமான் எழுதியது வருவதற்காக இல்லை. காஸ் வெடித்தோ திருவலை விழுந்தோ உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று எழுதினேன். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. அதைச் சம்மதம் என்று நீங்கள் எடுத்ததும் நியாயம்தான். நேரே எழுதாதது என் பிழை.

இப்போது நேரே எழுதுகிறேன். போன வருடம் மாசியில், டப்போவில் நம்முடைய கரவன் நின்ற கரவன் பார்க்கில், நீங்கள் காலை ஆறு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனீர்கள். ஒன்பது மணிக்கு எனக்கு வலி தொடங்கியது. டெலிபோன் இருந்த பார்க் கந்தோர் வரை நடந்து போனேன், பூட்டியிருந்தது. மற்றக் கரவன்களில் ஆள் இல்லை. பார்க்கை நடத்துகிறவரின் மனைவி கடைக்குப் போய்த் திரும்பி வந்தது இரண்டு மணிக்கு. நம்முடைய பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே போய்விட்டது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஐந்தரைக்கு வந்தீர்கள். அன்று முதல் இன்று வரை அந்தப் பிள்ளையைப் பற்றி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவீர்கள் என்று ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

இரண்டு முறை பால் காய்ச்சியதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளை போன அந்தக் கிழமை முழுக்க எனக்குப் பால் சுரந்தது, குடிக்க ஆள் இல்லை. துவாயால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உங்களுக்குச் சோறு போட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பிள்ளை வயிற்றில் தங்க முதலே, கார் ஓட்டப் பழக்குங்கள் என்று மூன்று முறை கேட்டேன். கீறல் விழும் என்றீர்கள். காலையில் உங்களை வேலை இடத்தில் விட்டுவிட்டுக் காரை நான் கொண்டுபோகலாம் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது வீட்டுக்கே எஞ்சின் வைத்திருக்கிறீர்கள். சாவி உங்கள் சட்டைப் பையில். எனக்கு மரத்தடியில் ஒரு கதிரை. அத்தான், நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் திரும்பவும் நான் காத்திருக்கிற இடத்தைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

மார்கழியில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. பவளம் அக்காவின் காரில் பழகினேன்.

இரஞ்சிதம்


புட்ஸ்கிறே, உமது தெருவில்.
9-4-1977

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

உமது கடிதம் புதன்கிழமையே கிடைத்தது. கிடைத்த பிறகும் வந்தேன். கோபிக்க வேண்டாம். பெரிய வெள்ளி பின்னேரத்திலிருந்து தெரு முனையில் நிற்கிறேன், கதவைத் தட்டவில்லை.

இன்று காலை நீர் காரைக் கொண்டுவந்து, பின்பக்கமாக எடுத்து, அந்த ஒடுக்கமான கேற்றுக்குள் விட்டதைப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் நின்று தட்டவில்லை. ஒரு தரத்திலேயே உள்ளே போனது. நான் பழக்கியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்குமோ தெரியாது.

அன்று ஐந்தரைக்கு நான் பிள்ளையைப் பார்த்தேன். நர்ஸ் என் கையில் தந்தா. பெண்பிள்ளை, உமது நெற்றி. அதற்கு மேல் எனக்கு எழுத வராது.

மற்றச் சாவியை இந்தக் கடிதத்தோடு உமது தபால் பெட்டிக்குள் போடுகிறேன். நாளை மத்தியானம் வரை நிற்பேன். ஓட்டுகிறவர் நீராகவே இருந்தாலும் எனக்குச் சரி.

கேதீஸ்வரன்


புட்ஸ்கிறே,
மெல்பேர்ண்.
12-4-1977

அன்புள்ள அத்தானுக்கு,

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். பொதிக்குள் நீர்மட்டத்தையும் வைத்திருக்கிறேன், உடையாமல் வந்து சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமையே உங்களைக் கண்டுவிட்டேன். அவ்வளவு பெரிய வீட்டை ஒரு தெருவில் ஒளிக்க முடியாது. ஞாயிறு காலை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேற் வரை வந்தேன். இன்னும் நாலு அடி வைத்திருந்தால் ஏறியிருப்பேன். ஏறினால் ஒரு மாதத்தில் மரத்தடியில் இருப்பேன் என்றும் தெரியும். அதனால் திரும்பினேன். நீங்கள் போகிற சத்தம் கேட்கும் வரை குசினிக்குள் நின்றேன்.

பிள்ளையின் நெற்றியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதைப் போன வருடம் சொல்லியிருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன்.

இரண்டு இரவும் சில்லுக்குக் கீழே கட்டை வைக்காமல் படுத்திருக்கிறீர்கள். வண்டி இடப்பக்கம் சரிந்து நின்றது. அப்படிப் படுத்தால் உங்களுக்குத் தலையிடிக்கும். இனி நான் எழுதமாட்டேன், ஆகவே இதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய்ப் பாருங்கள். தட்டுவதற்கு ஆள் இல்லை.

இரஞ்சிதம்