மிராசுக்கு வெயில் காட்டுகிறோம், அம்மிணி

என் தங்கமே, நந்தினி அம்மிணி,

நாமக்கல் ஜில்லாவின் கோழிக்குலச் சக்கரவர்த்தியும், முப்பது வருஷமாக வளர்த்த குஞ்சுகளை வரிசையாக நிறுத்தினால் இமயமலை வரை போய்த் திரும்பும் பெருமை உடையவனுமான உன் மாமன் எழுதுவது. இந்தப் பட்டங்களை எல்லாம் இன்றோடு கழற்றி வைக்கிறேன். ஒரு சாண் ஓணானிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன், சாமி.

நீ வளர்த்த ஆஸ்திரேலியத் தாடி ஓணான், உன் மிராசு, நாலு நாளாகப் பூச்சியைத் தொடவில்லை. நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் ஐம்பது நாள் ஆகிறது. உன் அம்மா, என் அக்கா, உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ஓணானை நம்பித்தான். நீ இருக்கும்போது "அந்தக் கருமத்த ஊட்டுக்குள்ள உடாத" என்று விளக்குமாற்றைத் தூக்கியவள்தான். இப்போது அது ஒரு பூச்சி தின்றால் இவள் ஒரு வாய் சோறு தின்பாள். இந்த நாலு நாளும் வெறும் டீத்தண்ணி.

"என்ற புள்ள உட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான் தம்பி. அது திங்கட்டும், பொறகு நான் திங்கறேன்" என்கிறாள். உன் அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் யாராவது உண்டா?

ஆரம்பத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எனக்காக நீ எழுதிக் கண்ணாடித் தொட்டியில் ஒட்டிய சீட்டைத் தினமும் படித்தேன். 'நாலு நாள்ல வந்துருவேன்' என்றுதானே ஆரம்பித்திருந்தாய்? பூச்சி அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள இடத்தைவிடப் பெரிசாக இருக்கக் கூடாது என்றாய். ஒவ்வொரு பாச்சையையும் மிராசின் முகத்துக்கு நேரே பிடித்து, பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி மேலும் கீழும் அளந்தேன். மருந்தடித்த பண்ணையிலிருந்து ஒரு பூச்சிகூட எடுக்கவில்லை. முருங்கைக்கீரையை அவ்வளவு பொடியாக என் பொண்டாட்டிகூட எனக்கு நறுக்கிப் போட்டதில்லை.

பிறகுதான் அந்தத் தப்பு. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊரே வருமென்று தொட்டியைப் பின்னறைக்குத் தூக்கினேன். கதவு நிலையில் இடித்து மேலிருந்த நீள லைட்டு உடைந்தது. யாரும் பார்க்கவில்லை. குஞ்சு வளர்த்த திமிரில், பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் புரூடர் பல்பு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். உன் சீட்டின் கடைசி வரியைப் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்தேன்: 'லைட்டு வெறும் சூட்டுக்கு இல்ல மாமா, அதுதான் அதுக்கு வெயில்.'

போன வாரம் அதன் பின்னங்கால் நடுங்கியது. கூண்டுக்குள்ளேயே கிடந்து சுண்ணாம்புச் சத்துப் போன முட்டைக்கோழி இப்படித்தான் நடுங்கிச் சாயும். ஒரு கொட்டகைக் கோழியில் நொண்டுகிற ஒன்றைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் இந்தக் கண்ணுக்கு, உன் ஒற்றைப் பிள்ளை மிராசு மட்டும் ஏன் தெரியாமல் போனது?

நேற்று அக்காவும் நானும் நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன லைட்டுங்க போட்டீங்க?" என்றார்.

பேசியே ஊரைக் கவிழ்க்கும் இந்த வாயிலிருந்து இரண்டே வார்த்தைதான் வந்தது. "கோழி பல்புங்க."

"அதுல சூடுதானுங்க வரும். எலும்புக்குச் சத்துப் புடிக்கோணும்னா வெயிலு வேணும். புது லைட்டு வர்ற வரைக்கும் காலையில நேர் வெயில்ல வைங்க, கண்ணாடி வழியா வேண்டாம். இந்த மருந்தச் சொட்டுச் சொட்டா நாக்குல வைங்க."

"பொழச்சுக்குமுங்களா?" அக்கா கேட்டாள்.

"ரொம்பச் சின்னதுங்க. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்கம்மா."

பஸ்ஸில் லைட்டு உடைந்த கதையை அக்காவிடம் சொன்னேன். செருப்பைக் கழற்றுவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைத் தோட்டங்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"புள்ளையோட மூணு நாள் காய்ச்சல, கசாயத்துல போயிரும்னு இருந்தவ நானு. உன்னைய என்னன்னுடா திட்டறது?"

மடியிலிருந்த அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அம்மிணி, இதையா ஐம்பது நாளாக உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்? உனக்கு அவள்மேல் கோபமா? இல்லை என்று எப்படியாவது அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?

இன்று காலை வாசல் வெயிலில் மிராசை மடியில் வைத்துக்கொண்டாள். அது உடம்பைத் தட்டையாக விரித்து வெயிலை வாங்கிக்கொண்டது. மருந்துச் சொட்டை நக்கியது. பாச்சையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "தின்னு சாமி" என்று அக்கா கெஞ்சினாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அக்கா, இந்தச் சாதி, எதுக்க இருக்கறவங்க தின்னாத்தான் தானும் திங்குமாம். டாக்டரம்மா என்கிட்டத் தனியாச் சொன்னாங்க" என்று அவிழ்த்துவிட்டேன்.

"நெசமாவாடா?"

"உன்மேல சத்தியமா."

கம்பங்கூழ் டம்ளரைக் கொடுத்தேன். அக்கா அதை மிராசின் மூஞ்சிக்கு நேரே பிடித்து, குழந்தைக்குக் குடித்துக் காட்டுகிற மாதிரி ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு, அரை டம்ளர் குடித்துவிட்டாள். மிராசு பார்த்துக்கொண்டே இருந்தது. தின்னவில்லை.

நாளைக்கும் வெயிலில் உட்காருவோம். அது எழுந்து நிற்கும் வரை தினமும் உட்காருவோம். ஒருவேளை நிற்காமலே போனால், அதையும் மறைக்காமல் என் வாயாலேயே அக்காவிடம் சொல்வேன். சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே இருப்பேன். இனி உடைத்த எதையும் ஒளிக்கமாட்டேன், சாமி. அந்தக் கூழ்ப் பொய்யை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு என்னிடமே விட்டுவை.

பொய்யில் மட்டும் இன்னும் சக்கரவர்த்தியாக இருக்கும்,
உன் தாய்மாமன்