ஆவணிக்குக் காத்திருந்த வண்டி

கீழப்புலியூர்,
புரட்டாசி 10, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்த ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். அம்மா நேற்றைக்கு இன்று தேவலை. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். இடது கையால் டம்ளரைப் பிடித்துத் தானே தண்ணீர் குடித்தாள். பிசியோதெரபி செய்கிற பிள்ளை வலது காலில் கொஞ்சம் பிடிப்பு வந்திருக்கிறது என்கிறான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவன் சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் நேற்றிலிருந்து மூன்று முறை உனக்குப் போன் போட்டேன். மூன்று முறையும் வாய்க்காலில் தண்ணீர் குறைந்துபோனதையும் குறுவை அறுப்புக்கு மிஷின் கிடைக்காததையும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் எழவில்லை. தபாலில் போட்டால் அயர்லாந்துக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகிவிடும், அவ்வளவு நாள் இல்லை. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். டூட்டியில் இருந்தால் இப்போது படிக்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். கார் ஷோரூம் மேல் நீ கொடுத்த புகாரை வாபஸ் வாங்க வேண்டும். நமக்கு வண்டி விற்ற மேகலா என்கிற பெண்ணுக்கு அதனால் வேலை போகப் போகிறது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. வண்டி தாமதமானது அவர்களால் இல்லை. ஆடி பத்தாம் தேதியே நம் வண்டி தயாராகிவிட்டது. நான்தான் போய் எடுக்கவில்லை.

நீ பணம் அனுப்பியது ஆனி மாதம். அம்மாவுக்கு பிரஷர் ஏறி ஏறி இறங்குகிறது, அவசரத்துக்கு வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டும், பஸ்ஸையும் ஆட்டோவையும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் அம்மாவும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிப் போனோம். ஷோரூம் தரை இருந்த பளபளப்பைப் பார்த்துவிட்டு அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டாள். மேகலா ஓடிப்போய் அந்தச் செருப்பைத் தன் கையால் எடுத்துவந்து, “போட்டுக்குங்கம்மா, உள்ள ஏசி, கால் சில்லுனு இருக்கும்” என்று அவள் காலடியில் வைத்தாள். உன்னைவிட நாலைந்து வயது சின்னவள். கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறாள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது.

அம்மா அன்றைக்கு என்னைப் பேசவே விடவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லி அரிசி மூட்டை எத்தனை பிடிக்கும் என்று கேட்டாள். நான் வெள்ளை வண்டி என்றேன். “வெள்ளை வேணாங்க, நம்ம ரோட்டுக்கு ரெண்டே நாள்ல எருமைக்கடா மாதிரி ஆயிடும்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லி நீலத்தைக் காட்டினாள். மேகலா சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீ சொன்னபடியே வண்டியை அம்மா பேரில் எழுதினோம்.

ஆடி பத்தாம் தேதி மேகலா போன் செய்தாள். வண்டி வந்துவிட்டது, நம்பரும் ஆகிவிட்டது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். ஆடி மாதத்தில் புது வண்டி வீட்டுக்குள் வராது என்றேன். அவள் விடவில்லை. “ஆடிப்பெருக்கு அன்னிக்கு எடுத்துக்குங்கய்யா, அன்னிக்கு மட்டும் இருபது வண்டி டெலிவரி இருக்கு” என்றாள். நானும் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குப் பரணி நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். அம்மாவுடைய நட்சத்திரம். அவள் பேரில் இருக்கிற வண்டி, அவள் ராசிக்கு எட்டில் சந்திரன் நிற்கிற நாளில் வந்தால் அவளுக்கு ஆகாது என்று எண்ணினேன். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் எண்ணினேன், செம்மொழி. ஆவணி நாலு, புதன்கிழமை என்று நாள் குறித்துச் சொன்னேன்.

முழு விலையும் கட்டித் தயாராக இருக்கிற வண்டியை அவ்வளவு நாள் அங்கே நிறுத்த அவர்களுக்கு அனுமதி கிடையாதாம். டெலிவரி எடுப்பதை நானே தள்ளிப்போடுகிறேன் என்று ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். அதில் மறுக்கிறேன் என்று ஒரு வார்த்தை இருந்தது. புது வண்டியைக் கையால் தொடும் முன்பே மறுக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதா, நல்ல காரியத்துக்கு முன்னால் அப்படி ஓர் எழுத்து வேண்டாம், ரெங்கசாமி வாயால் சொன்னால் சொன்னதுதான் என்று பெரிய மனிதன்போலப் பேசினேன். அந்தப் பெண், “சரிங்கய்யா, உங்களை நம்பி நான் பாத்துக்கறேன்” என்றாள். சீட் கவர் வேலை பாக்கி இருக்கிறது என்று மேனேஜரிடம் ஒரு பொய் சொல்லி, வண்டியைப் பின்பக்கம் ஷெட்டில் நிறுத்தி வைத்தாள். எனக்காகச் சொன்ன பொய். அவர்கள் கணக்கில் இன்றைக்கும் தாமதம் அவளுடையதாகத்தான் இருக்கிறது.

அம்மா அப்போதே கேட்டாள், “ஆடியில எடுத்தா வண்டி என்ன, பின்பக்கமாவா ஓடும்?” என்று. எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். ஒருநாள் முழுக்க அவளோடு பேசவில்லை. இந்த ஊரில் நாற்றங்கால் விடுவதிலிருந்து பெண் பார்க்கப் போவதுவரை என்னிடம்தான் நாள் கேட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் ஆடியில் வண்டி வந்து நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதும் மனதில் இருந்தது. அம்மாவுக்காக மட்டும்தான் நாள் பார்த்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஆடி இருபத்துநாலாம் தேதி நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். காலை பத்து மணி இருக்கும். அம்மா கொல்லையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முறம் கையிலிருந்து நழுவியது. என்ன என்று கேட்டேன், வாய் ஒருபக்கம் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். காத்தானுடைய லோடு ஆட்டோ உர மூட்டை ஏற்றப் போயிருந்தது. அவன் பாதியில் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் வந்தான், பாவம். பின்னால் சாக்கை விரித்து அம்மாவைப் படுக்க வைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை என்று தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதையேதான் நீயும் போனில் சொல்லி அழுதாய்.

அப்போதுதான் நீ கேட்டாய், “கார் என்னாச்சுப்பா?” என்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, “ஷோரூம்ல இன்னும் குடுக்கலம்மா” என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னது இல்லை, வாயில் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் திருத்தியிருக்கலாம். அதற்கு மறுநாள் திருத்தியிருக்கலாம். இன்றைக்கு நாற்பத்தெட்டு நாள் ஆகிறது. ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நீ இரண்டு தடவை கேட்டாய். அதில் தேதி இருக்கிறது என்றுதான் அனுப்பவில்லை. நீ அவர்களைத் திட்டும்போதெல்லாம் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு திட்டும் எனக்குச் சேர வேண்டியது.

வண்டியை நான் குறித்த அதே ஆவணி நாலாம் தேதிதான் எடுத்தேன். மாலை, கேக், போட்டோவுக்கு நிற்க அட்டையில் செய்த பெரிய சாவி எல்லாம் மேசை மேல் இருந்தன. அம்மாவின் நிலைமையைச் சொன்னதும் மேகலா அவற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஏன் ஐயா அப்போதே எடுக்கவில்லை என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாவியை மட்டும் கையில் கொடுத்தாள். வாரத்தில் மூன்று நாள் அந்த வண்டியில்தான் அம்மாவைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் வீட்டில் கிளம்பும்போதும் தஞ்சாவூரில் இறங்கும்போதும் மணி பார்க்கிறேன். ஐம்பது நிமிடம்தான் ஆகிறது.

நேற்று மத்தியானம் மேகலா பஸ்ஸில் நம் வீட்டுக்கு வந்தாள். உன் புகாரை வைத்து அவளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். அவளிடம் என் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் இல்லை, மேனேஜரிடம் சொன்ன சீட் கவர் பொய்தான் இருக்கிறது. அவள் பெயரும் படமும் போட்டு நீ பேஸ்புக்கில் எழுதியதை அவள் தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். சண்டை போட வந்திருப்பாள் என்று பயந்தேன். அவளோ, “அக்கா கோவப்படறது நியாயந்தான்யா. அம்மா பேசின பேச்செல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க நடந்ததை ஒரு வரி எழுதிக் குடுத்தா எனக்குப் போதும்” என்றாள்.

அதற்கு உன் அப்பன் என்ன சொன்னான் தெரியுமா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தால் அது உன் கண்ணில் படுமே என்று பயம். அந்தப் பெண்ணுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். போகும்போது அம்மா கட்டிலருகில் நின்றாள். அம்மா இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிறகு அவள் போய்விட்டாள்.

கட்டிலில் இருந்தபடி அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது வருகிற வார்த்தைகள் ஏழெட்டு இருந்தால் அதிகம். என்னை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் “சொல்” என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் என்னை மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை பேசாதவள். மறுபடியும், “செம்மொழி. சொல்” என்றாள். படுத்த பிறகு உன் பெயரை அவள் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது எடுத்த போனில்தான் உன்னிடம் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேசினேன்.

கம்பெனிக்கு எழுத வேண்டியதை இன்று காலை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுத்தது நான், பாரத்தில் கையெழுத்துப் போடாததும் நான், அவள் பொய் சொன்னது என்னால் என்று தெளிவாக இருக்கிறது. நாளைக்கே கொண்டுபோய் மேனேஜர் கையில் கொடுக்கப் போகிறேன். காலண்டர் பார்த்தேன், பார்க்காமல் இருக்க இன்னும் எனக்கு வரவில்லை. நாளைக்கு நாள் நன்றாக இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும், போகிறேன். ஆனால் புகார் உன் பேரில் இருக்கிறது. நீயும் எழுதினால்தான் முடியும். பேஸ்புக்கில் போட்டதையும் எடுத்துவிடு. எடுத்துவிட்டு, அதே இடத்தில் தப்பு எங்கள் அப்பாவுடையது என்று எழுது. ஊரில் தெரிந்தால் தெரியட்டும்.

என் மேல் கோபம் வரும். நீ நோயாளிகளைப் பார்க்கிறவள், ஒரு மணி நேரம் என்றால் என்ன என்று என்னைவிட உனக்குத் தெரியும். மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சாயங்காலம் ஆறு மணி ஆனால் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் குரல் கேட்டால் அந்த வலது பக்கத்து உதடு கொஞ்சம் அசைகிறது, வேறு எதற்கும் அசைவதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் நீ கூப்பிட வேண்டும். என்னோடு பேச வேண்டாம். போனை எடுத்து, ஹலோகூடச் சொல்லாமல் அம்மா காதில் வைத்துவிட்டு நான் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன். நீ பேசி முடித்து வைத்த பிறகு உள்ளே வருகிறேன்.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் அப்பா,
ரெங்கசாமி