முத்திரையில் கண்ட கொம்பூதியைத் தேடிய வகை

மழை பொய்யாதிருக்க! நெல் மலிந்திருக்க! பூம்பொழில் நாட்டை ஆளும் நீலவதி தேவியாரின் ஆணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் பராங்குசன் மாதேவன், குன்றுகள் பல உடையவரும், பகைவரைக் கனவிலும் உறங்கவிடாதவரும், தம் முத்திரையில் பிழையே காணாதவருமாகிய குன்றநாட்டு வேந்தர் அடலேறனாருக்கு எழுதும் ஓலை. தங்கள் கோட்டையும் கொற்றமும் யானைகளும், குறிப்பாகத் தங்கள் முத்திரைக் கொல்லரும் நலமாயிருக்கத் தேவியார் வாழ்த்துகிறார்.

தங்கள் ஓலை வந்தது. ஆறு கடந்து தப்பிய, பித்தளை வேலை செய்யும் கன்னான் இளநாகனைக் கட்டி அனுப்புமாறும், ஆளை அறிய ஓலையின் மேலுள்ள அரக்கு முத்திரையைப் பார்த்துக்கொள்ளுமாறும் பணித்திருந்தீர்கள். பார்த்தோம். தேவியார் மறுபடியும் வாங்கிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இளநாகன் எங்கள் அவையில் சொன்னதைத் தங்கள் செவிக்கு வைக்கிறோம். பித்தளையை வளைத்து, ஒரு முனை உதட்டளவாகவும் மறுமுனை முறத்தளவாகவும் விரியும் கொம்புகளைப் பெரிதும் சிறிதுமாய் முதன்முதல் செய்தவன் அவனே. அக்கொம்பொலி மலைக்கு மலை எட்டியதால் தங்கள் எல்லைக் காவல் நிலைத்தது. அந்நன்றிக்காக, குடிகள் அனுப்பும் அஞ்சல் ஓலை ஒவ்வொன்றிலும் ஒட்டும் முத்திரையில் அவன் உருவைப் பொறிக்கத் திருவுளம் கொண்டீர்கள். அது பெருந்தன்மையே, குறை சொல்லமாட்டோம். ஆனால் தங்கள் அவையில் எவன் வாய்க்காற்றும் தங்கள் திருமேனிமேல் படலாகாது என்றொரு வழக்கம் உண்டாமே! அதற்கு அஞ்சி, உருப் பொறிக்கத் தங்கள் முன் நிறுத்தியபோது அவன் கொம்பைத் திருப்பி, அகன்ற வாயைத் தன் முகத்தோடு அணைத்துக்கொண்டு நின்றான். தலைவலிக்குப் பயந்து ஒருநாளும் கொம்பருகே போகாத தங்கள் கொல்லர், கண்டதைக் கண்டபடியே பொறித்துவிட்டார். முத்திரையில் இளநாகன் கொம்பை ஊதவில்லை. கொம்புதான் இளநாகனை விழுங்குகிறது.

பிழையை அவன் பணிந்து சொன்னான். அரச முத்திரை பிழைக்காது, ஊதுவோர் வாய்தான் பிழை என்று தீர்ப்பளித்தீர்கள். இனி எல்லாரும் முத்திரையில் உள்ளபடியே ஊதவேண்டும், மீறுவோன் உதடு தைக்கப்படும் என்று பறையறைவித்தீர்கள். "சாமி, அந்தப் பக்கம் ஊதினா எச்சில்தான் ஒழுகும், சத்தம் வராது" என்று அவன் கெஞ்சினானாம். அதற்கே அவன் உதட்டுக்கு ஊசி தேடியிருக்கிறார்கள்! எங்கள் கரையேறியதும் இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அதைக் காவலர் சொல்லக் கேட்டபோது தேவியாரின் சிரிப்பு அடங்கிச் சினம் மூண்டது.

ஆயினும் அண்டை நாட்டின் வேண்டுகோளைத் தட்டலாகாது என்று, முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடினோம். அகன்ற வாயில் கொம்பூதும் மனிதன் எங்கள் நாட்டில் ஒருவனும் இல்லை. இங்குள்ள இளநாகன் குறுகிய வாயில் ஊதுகிறான். நாடே கேட்டு மகிழ்கிறது. தங்கள் முத்திரையோ பிழைக்காது. ஆகவே முத்திரையில் உள்ளவன் இவன் அல்லன். தங்கள் தீர்ப்பை மீறி இவனை அனுப்பும் துணிவு எங்களுக்கு இல்லை.

இவ்வோலையைக் கொணரும் தூதன் தங்கள் எல்லையில் நின்று கொம்பூதித் தன் வரவை அறிவிப்பான். மறுகொம்பு எழாவிடில், காவலர் முத்திரைப்படி ஊதிக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்து, தானே கோட்டைக்குள் நடந்து வருவான். இம்முறை அவனோடு படை வராது.

இது தேவியார் திருவாய்மொழி. கொம்பை நேராய்ப் பிடித்த இளநாகன் உருவம் பொறித்த எங்கள் புதிய முத்திரை கீழே இடப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க.