தலை மட்டும் பாக்கி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். தங்கையும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குப் பழகிவிட்டார்களா? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

உன் வெண்கலச் சுமைதூக்கி துறைமுகக் கரையில் தோள்வரை எழும்பிவிட்டான். ஆறு மாடி உயரம். உன் மேஜைமேல் முழ உயரத்தில் நின்றவனை இவ்வளவு பெரிதாக்கியது நான். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கேட்பதென்னவோ உன் பெயரைத்தான். என் மனைவிகூட அக்கம்பக்கத்தில் "எங்க வீட்டு மாப்பிள்ளை செஞ்ச சிலை" என்று பீற்றிக்கொள்கிறாள். ஒரே கல்லூரியில் ஒன்றாகக் களிமண் பிசைந்தோம், இதே போட்டிக்கு நானும் மாதிரி கொடுத்தேன் என்பதெல்லாம் அவளுக்கே மறந்துவிட்டது. வயிறு எரிகிறது, மறைப்பானேன்?

இனி தலைதான் பாக்கி. நீ எழுதியபடி, நூலளவும் மாற்றாமல் களிமண்ணில் முடித்துவிட்டேன். அதே அளவில் தெர்மோகோலில் ஒன்று வெட்டி, கிரேனில் தூக்கி வைத்துப் பார்த்தேன். காவலாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, "தலைய எப்ப சார் வைப்பீங்க?" என்று கேட்டார். மேஜைமேல் நேருக்கு நேர் பார்த்துச் செய்த தலை, கீழிருந்து பார்த்தால் எலுமிச்சம்பழம். அவ்வளவு உயரத்தில் தலையைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

அன்றைக்கு எனக்குப் பரம சந்தோஷம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஊரே சிரிக்கும், பழி உன்மேல். என் மாதிரியை ஓரங்கட்டியவர்கள் முகம் போகிற போக்கை நினைத்துக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் போனதும் அந்தத் தோள்களைப் பார்த்தேன். மூட்டையை இறக்கிவைத்த அந்தத் தளர்ச்சி இருக்கிறதே, மாப்பிள்ளை, அது எனக்கு வராது. ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. அதற்குமேல் எலுமிச்சம்பழத்தை வைக்கக் கை வரவில்லை.

சிலை வேலைக்குப் பொறுப்பான பொறியாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்களும் போட்டியில இருந்தீங்கல்ல சார்?" என்றார். அவர் நினைத்ததில் பொய்யும் இல்லை.

அதனால் நீயே அவருக்குப் போன் போட்டு, தலையைப் பெரிதாக்கச் சொல். உனக்கே தோன்றியதாகச் சொல், என் பெயர் வேண்டாம். திங்கட்கிழமை தலை வார்ப்புக்குப் போகிறது. வெண்கலமாகிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உனக்குக் கிடைத்த பேர் கெடாமல் நிலைக்கட்டும். சீக்கிரம் பேசிவிடு. திங்கட்கிழமைவரை என் மனசு இப்படியே இருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

உன் மச்சான்