கொண்டாடாத கோல்

ஸ்கெல்பி
அக்டோபர் 12

அன்புள்ள டில்லன் அண்ணனுக்கு,

நலமா? இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் நீ ‘ம்’, ‘சரி’ என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

போன வருடம் வரை பகலில் அப்பாவோடு வீடுகளுக்கு ஓடு வேய்ந்தாய். சனிக்கிழமைகளில் ரயில் பாதைப் பக்கம் சரிந்து கிடக்கும் நம் ஊர் மைதானத்தில் ஆடினாய். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் கிழவர்கள், “டேய் ஓட்டுக்காரா, எங்க வீட்டுக் கூரை ஒழுகுது, ஆட்டம் முடிஞ்சதும் வந்து பாரு” என்று கத்துவார்கள். இன்று நீ நாட்டின் உச்ச லீக்கில், மார்ஃபீல்ட் அணியில். இறைச்சி வடைக் கடைக்காரர்கூட உன் படத்தை ஒட்டியிருக்கிறார்.

அடுத்த மாதம் கிங்ஸ்மீர் கிளப்போடு அவர்கள் மைதானத்தில் ஆட்டம். எட்டு வருடம் அவர்களின் சிறுவர் அணியில் இருந்தாய். பதினாறு வயதில் பயிற்சியாளர் பிராட்வெல் கார் நிறுத்துமிடத்தில் வைத்து, கார்க் கதவில் இருந்த கையைக்கூட எடுக்காமல் அப்பாவிடம் சொன்னாரே, “பையன் நல்ல பையன்தான். ஆனா எங்களுக்குப் போதாது. நல்லா இருங்க.” அதற்கு அப்பா “தேங்க்யூ சார்” என்றார். எனக்கு அப்போது எட்டு வயது, பின்சீட்டில் இருந்தேன். அந்தத் தேங்க்யூவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது பிராட்வெல்தான் அவர்களின் தலைமைப் பயிற்சியாளர். நீ கோல் போட்டு, நேராக அவர் முன்னால் ஓடி, ‘இப்போ என்ன சொல்றீங்க?’ என்பதுபோல் காதில் கைவைத்து நிற்க வேண்டும். எனக்காக.

அன்புடன்,
வின்னி

*

மார்ஃபீல்ட்
அக்டோபர் 20

வாயாடித் தங்கை வின்னிக்கு,

முதலில் கோல் விழட்டும். ஒரு வழக்கம் உனக்கும் தெரியும்: பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது. இரண்டு கையையும் தூக்கி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் நிற்க வேண்டும்.

அப்பாவுக்கு முட்டிவலி எப்படி? ஏணியில் அவரைத் தனியாக ஏறவிடாதே.

அண்ணன்

*

ஸ்கெல்பி
நவம்பர் 10

டில்லனுக்கு,

அந்த வழக்கம், ஒருவரை வளர்த்துவிட்ட கிளப்புக்கு. தூக்கி எறிந்த கிளப்புக்கு அல்ல.

ஆட்டத்தன்று மைதான வாசலில் கிங்ஸ்மீர் விற்ற, ஆட்டக்காரர் விவரம் போட்ட மலரை வாங்கினேன். உன்னைப் பற்றி ‘ஸ்கெல்பியில் ஆடத் தொடங்கியவர்’ என்று மட்டும் போட்டிருந்தது. எட்டு வருடத்தைத் துடைத்துவிட்டார்கள். நீ கோல் போட்டதும் நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். நீயோ கையைத் தூக்கித் தலைகுனிந்து நின்றாய். அவர்கள் கூட்டமே உனக்குக் கைதட்டியது. அம்மா, “எவ்வளவு பண்பான பையன் பாரு” என்றாள்.

நீ ஒரு கோழை.

வின்னி

*

மார்ஃபீல்ட்
நவம்பர் 17

கோபக்கார வின்னிக்கு,

நீ மைதானத்தில் இருந்ததால் டிவியில் பேசியது கேட்டிருக்காது. நான் காதில் கைவைத்திருந்தால், திமிர் பிடித்த பையன் என்று சொல்லிவிட்டு மறந்திருப்பார்கள். கையைத் தூக்கியதும் வர்ணனையாளர் குழம்பிவிட்டார். “இவன் ஏன் கொண்டாடல? இங்க இருந்திருக்கானா?” ஆட்டம் முடிவதற்குள் யாரோ என் பழைய சிறுவர் அணிப் படத்தைத் தேடி எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் பிராட்வெல் நிற்கிற படம்.

பத்திரிகைக்காரர்கள் அவரைக் கேட்டார்கள். “அப்படி ஒரு பையன் ஞாபகமில்லயே” என்றார். படத்தை நீட்டினார்கள். என்னிடம் வந்தபோது, “எட்டு வருஷம் இங்கதான் இருந்தேன். ஏன் அனுப்பினாங்கன்னு அவரைத்தான் கேக்கணும்” என்றேன். இந்த வாரம் முழுக்க அவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பூட்ஸ் கட்டும்போதே இதை முடிவு செய்திருந்தேன், வின்னி.

இத்தோடு கிங்ஸ்மீர் அனுப்பிய அழைப்பு இருக்கிறது. அந்தக் கேள்விகளை அடக்கத்தான் போலிருக்கிறது: டிசம்பரில் நான் வந்து சிறுவர் அணிக்குப் பரிசு கொடுக்க வேண்டுமாம். ‘எங்கள் மண்ணின் மைந்தன்’ என்று எழுதி, பிராட்வெல்லே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வார்த்தை உன் வேலை. பதிலை நீ எழுது.

கோழை அண்ணன்

*

ஸ்கெல்பி
நவம்பர் 21

என் அன்பு அண்ணனுக்கு,

என் போன கடிதத்தின் கடைசி வரியை அடித்துவிடு.

பதிலை மூன்று தாள் எழுதினேன். அகராதியில் தேடிய சொற்களெல்லாம் அதில் இருந்தன. அப்பா வேலை முடிந்து, கையில் சிமெண்டோடு வந்து என் தோளுக்கு மேலே படித்தார்.

“எதுக்குடி இவ்வளவு? அன்னிக்கு அந்த ஆளு சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லு.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்காப்பா?”

“ஏணியில ஏறுறப்பல்லாம் ஞாபகம் வருது.”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். உறையில் தபால்தலையை அப்பாவே ஒட்டிவிட்டார்.

அன்புடன்,
வின்னி

*

திரு. பிராட்வெல் அவர்களுக்கு,

உங்கள் கிளப் நல்ல கிளப்தான். ஆனால் எனக்குப் போதாது. நல்லா இருங்க.