நாலாம் மாடிச் சரோ அக்காவுக்கு, தாரணியின் வலது கை பற்றி

என் மனதின் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருக்கிற சரோ அக்கா,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. உங்கள் வீட்டு மணியில் இப்போது வேறு பெயர் ஒட்டியிருக்கிறார்கள். லிஃப்டில் யாராவது நாலாம் இலக்கத்தை அமத்தினால் நீங்கள்தானோ என்று இன்னமும் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி தாரணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. வாய் மட்டும் என்னைப் போல என்று என் மகள் சுபா சொல்கிறாள். பெற்ற தாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கெட்ட சேதி உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

தாரணிக்கு அப்போது ஏழு மாதம். நீங்கள் கிலுகிலுப்பையை அவளுடைய வலது பக்கம் நீட்டினீர்கள். அவள் உடம்பைத் திருப்பி இடது கையால் வாங்கினாள். திரும்பவும் நீட்டினீர்கள். திரும்பவும் இடது கை. மூன்றாம் தரம் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"தங்கச்சி, பிள்ளை வலது கையை நீட்டுதில்லை. பெருவிரலை உள்ளுக்கு வைச்சுப் பொத்திக்கொண்டே இருக்குது. ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோவன்."

நான் என்ன சொன்னேன்? எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

"ஒரு பிள்ளையைப் பெத்து வளத்திருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கட பிள்ளையில குறை பிடிக்க வந்திட்டியள்."

 கிலுகிலுப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினீர்கள். நல்ல நேரம் எடுத்தது. நான் கூப்பிடுவேன் என்று காத்திருந்தீர்களோ? நான் கதவைச் சாத்தினேன்.

அதோடு விட்டேனா? உங்கள் நாவூறு பட்டுவிட்டது என்று உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டேன். புகைக்கு முகட்டிலிருந்த மணி அலறத் தொடங்க, கீழ்வீட்டு யேர்மன்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். பிள்ளை பயத்தில் கத்தினாள். அப்போதும் அந்த வலது கை பொத்தியபடியே இருந்தது.

மூன்று மாதம் கழித்து டொக்டர் சொன்னார். பிறந்த நேரத்தை ஒட்டி மூளையில் ஒரு காயம். வலது கைக்குக் கட்டளை கொடுக்கிற இடத்தில் பட்டிருக்கிறது. பெருமூளை வாதம் என்று தமிழில் சொல்வார்களாம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வருகிற யேர்மன் கடிதமெல்லாம் வாசித்துச் சொன்னவர் நீங்கள். டொக்டர் தந்த அந்தக் கடிதத்தை மட்டும் நான் மேலே கொண்டுவரவில்லை.

ஒரு நாள் லிஃப்டில் கண்டோம். "பிள்ளை சுகமோ?" என்று கேட்டீர்கள். "ஓம்" என்றுவிட்டு இரண்டாம் மாடியிலேயே இறங்கி, மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போனேன். நீங்கள் கதவு மூடுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அந்தப் பன்னிரண்டு படியை இன்று நினைத்தாலும் எனக்கு முழங்கால் நோகிறது.

பிறகு நான் செய்த பிழை இன்னொன்று. தாரணி எல்லாவற்றையும் இடது கையால் செய்யப் பழகினாள். சாப்பாட்டையும்தான். சாமத்தியவீட்டிலும் கலியாணவீட்டிலும் நாலு பேருக்கு முன்னால் பிள்ளை பீச்சங்கையால் சோறு அள்ளுவதா? நானே குழைத்து ஊட்டினேன். ஐந்து வயது வரைக்கும் ஊட்டினேன். பாசம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். பாசம் பாதி, வெட்கம் பாதி.

போன வருடம் புது எர்கோ ரீச்சர் ஒருத்தி வந்தாள். கைப்பயிற்சி கொடுக்கிறவள். சிவத்த தலைமயிர், குரல் பொலிஸ்காரிபோல. அவள் எங்கள் ஒருவரையும் பாராமல், முழங்காலில் இருந்து தாரணியிடம் கேட்டாள், "உன் இரண்டு கையும் சேர்ந்து என்ன செய்ய வேண்டும்?"

எழுதவேணும் என்று சொல்லுவாள் என நாங்கள் நினைத்தோம். அவள் சொன்னது வேறு. பள்ளிக்கூடம் சேருகிற அன்று இங்கே யேர்மனியில் பிள்ளைகள் இனிப்பும் பென்சிலும் நிரப்பிய பெரிய கடதாசிக் கூம்பை அணைத்துக்கொண்டு போவார்களே, நீங்களும் கண்டிருப்பீர்கள். அந்தக் கூம்பு.

"அதை நானே தூக்கிக்கொண்டு போகோணும். அம்மம்மா தொடக்கூடாது."

இரண்டு கிழமைப் பயிற்சி. நாளுக்கு இரண்டு மணி நேரம் அவளுடைய இடது கைக்குப் பச்சை முதலை உறை ஒன்றை மாட்டிவிடுவார்கள். முதலை நித்திரை. அது எழும்பாமல் வலது கை எல்லா வேலையும் செய்ய வேண்டும். விளையாட்டுத்தான், ஆனால் அந்தக் கைக்கு அது மலை ஏறுகிற வேலை. கையில் பிழை இல்லையாம். செய்யச் செய்யத்தான் மூளை அந்தக் கைக்கு வழி கண்டுபிடிக்குமாம்.

நாலாம் நாள் வீட்டில் பயிற்சி. கோப்பையில் வாழைப்பழத் துண்டுகள். அந்தக் கை போகும், விரல் விரியாது, துண்டு நழுவும். நெற்றி வேர்த்துவிட்டது பிள்ளைக்கு. சுபா குசினிக்குள் போன நேரம் பார்த்து நான் ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் வைத்துவிட்டேன். மறுநாள் அவள் எர்கோ ரீச்சரிடம் போய், யேர்மன் மொழியில், என் முன்னாலேயே சொல்கிறாள்: "முதலை நல்ல நித்திரை. அம்மம்மாதான் எழும்பிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ரீச்சர் என் கையைப் பிடித்துச் சொன்னாள். சுபா மொழிபெயர்த்தாள்: "உங்கட கைக்கு இந்த ரெண்டு கிழமையும் உர்லௌப் எண்டு சொல்லுறா அம்மா. லீவு. கைக்கு மேலே ஏறி இருங்கோவாம்."

உண்மையாகவே இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன் அக்கா. என் வாழ்நாளில் என் கை செய்த கஷ்டமான வேலை அதுதான்.

ஒன்பதாம் நாள் தாரணி ஒரு துண்டை எடுத்தாள். பெருவிரல் வெளியே வந்தது. வாய்க்குப் போகிற வழியில் அது மூக்கில் பட்டு அப்பிக்கொண்டது. சுபா அழுதுவிட்டாள். தாரணி மூக்கைத் துடைக்கவில்லை, தகப்பன் வேலையால் வந்து பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு முதலைக்கு விடுதலை. இரண்டு கையும் சேர்ந்து செய்கிற பயிற்சி தொடங்கியது. கூம்புக்குப் பதிலாகத் தலையணை, பிறகு தமிழ்க்கடையில் வாங்கிய பூசணிக்காய். நடைபாதையில் மூன்றாம் தரம் போகும்போது கை வழுக்கி, காய் விழுந்து சிதறியது. சுபா சொன்னாள், "பாருங்கோ அம்மா, இண்டைக்குத்தான் நாவூறு ஒழுங்கா கழிஞ்சிருக்கு." மூன்று நாள் பூசணிக்காய்க் கறி.

உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். அந்தக் கை மற்றக் கையைப் போல வராது. அது உதவிக்கை என்கிறாள் ரீச்சர். பிடித்துக்கொள்ளும், அணைத்துக்கொள்ளும், மற்றது வேலை செய்யும். எங்களுக்குச் சோத்துக்கை தலைமை, தாரணிக்கு அது உதவி. போன மாதம் ஒரு கலியாணவீட்டில் அவளுக்கு ஊட்டாமல் விட்டேன். பக்கத்தில் இருந்த மனுசி முகத்தைச் சுழித்து, "பிள்ளை பீச்சங்கையால சாப்பிடுது, பாத்துக்கொண்டு இருக்கிறியள்" என்றாள். நான் வாய் திறக்க முதல் தாரணி சொன்னாள், "இது என்ர கெட்டிக்காரக் கை அன்ரி. மற்றது சாப்பாட்டுக் கோப்பையைப் பிடிக்குது, உங்களுக்குத் தெரியேல்லையோ?"

உங்கள் தங்கச்சி அன்று மண்டபத்தில் ஓர் அடி உயரமாக நடந்தாள்.

பள்ளிக்கூட நாள் மழை தூறியது. ஊதாக் கூம்பு, அவளுடைய நெஞ்சுக்கு மேலே வரும். பள்ளிக்கூட வாசல் படலையிலிருந்து மண்டபம் வரைக்கும் நடக்க வேண்டும். பாதி வழியில் அது வழுக்கியது. என் கை தானாக நீண்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மம்மா, உர்லௌப்!" என்றாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கூம்பைச் சுவரில் சாய்த்தாள், முழங்காலால் மேலே தள்ளினாள். அப்போது அந்த வலது கை வந்தது. மெதுவாக வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து கூம்பின் அடியைப் பிடித்தன. ஏழு மாதத்தில் நீங்கள் பார்த்தீர்களே, அதே கை. மண்டபத்துக்குள் அவளே கொண்டுபோனாள்.

எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் உங்களைத் தேடினேன். பைத்தியம்தானே?

சுபா இதைத் தட்டச்சு செய்து கோயில் மலருக்கு அனுப்புகிறாள். "இவ்வளவையும் எல்லாரும் வாசிக்கவேணுமோ அம்மா?" என்று கேட்டாள். ஓம். என் கெட்ட வார்த்தையை நீங்கள் தனியே கேட்டீர்கள். மன்னிப்பைச் சனம் முழுக்கக் கேட்கட்டும். நீங்கள் சொன்னது குறை இல்லை அக்கா, காவல். பிள்ளையைப் பெற்ற நாங்கள் காணாததை நீங்கள் கண்டீர்கள். என்னை மன்னியுங்கோ.

இன்னும் ஒன்று. போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு இளம் தாய், மடியில் ஆறேழு மாதப் பிள்ளை. இடது கை பூவைப் பிடிக்கப் போகிறது. வலது கை பொத்தியபடி. நான் நெடுநேரம் பார்த்தேன். பிறகு உங்கள் வார்த்தையை அப்படியே சொன்னேன், "ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோவன், பிள்ளை." அவளுடைய முகம் கறுத்தது. "எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லை அன்ரி" என்று தள்ளுவண்டியைத் திருப்பினாள்.

நான் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டேன். அப்போதுதான் விளங்கியது, நாடா கட்ட உங்களுக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று.

ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். இருந்தால் நல்லது. ஆனாலும் வருகிற வெள்ளிக்கிழமை தாரணியையும் கூட்டிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். ஏசினால் கேட்பேன். அடுத்த வெள்ளியும் போவேன். அவள் எந்த மாடியில் இறங்கினாலும் நானும் இறங்குவேன் அக்கா. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

மூன்றாம் மாடியிலிருந்து,
கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
தாரணியின் அம்மம்மா