முகத்துவாரத்தை நான் அடைத்துவைத்த ஒரு நாள்

என் உயிர் நைனாவுக்கு,

முதலில் மரியாதையாக 'நீங்கள்' என்று தொடங்கிப் பார்த்தேன். தாசில்தாருக்கு மனு எழுதுவது போல இருந்தது, கிழித்துப் போட்டேன். டீச்சரம்மா பெற்ற தகப்பனை 'நீ' என்று எழுதுகிறாளே என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிட்டேனோ அப்படித்தான் எழுத வருகிறது.

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். நான் சுகமாக இருக்கிறேன். கூரைக்குப் புது ஓலை போட்டாயிற்று. உன் கட்டுமரத்தை அந்தோணி சித்தப்பாதான் ஓட்டுகிறார். உன்னைப் போலவே அதைத் திட்டிக்கொண்டே தண்ணீரில் தள்ளுகிறார். கூடப்பிறந்தவர் ஆயிற்றே, வாய் மட்டும் வேறாகவா இருக்கும்?

அடையாற்று வாயை மணல் மறுபடியும் அடைத்துவிட்டது, நைனா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கா சொல்ல வேண்டும்? கோடையில் ஆறு மெலிந்துவிட்டால் அலை மணலைக் கொட்டிக் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே மேடு போட்டுவிடும். உள்ளே நிற்கிற தண்ணீர் சூடேறி, பாசி அழுகி, மீனுக்கு மூச்சுக் கிடைக்காது. குப்பத்து ஆண்கள் மம்பட்டியோடு போய் மேட்டை வெட்டிக் கடலை உள்ளே விடுவார்கள். வெட்ட வேண்டிய நாளைச் சொல்வது நீ. தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்வாய்.

மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருநாள் நம் வீட்டில் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? தன் ஊரில் குளிர்காலத்தில் ஏரியே உறைந்து கல்லாகிவிடும் என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அந்தக் காலத்துல ஐஸ் அவுஸ்ல வச்சிருந்தாங்களே, அந்த ஐஸா சாமி? அத்த ஏரி மேல மூடியாட்டம் போட்டுக்கீதுன்றீங்களா? கப்ஸா வுடாதீங்க!"

சாமியாருக்குக் கோபம் வரவில்லை. "உண்மைதான். அதன் மேல் பனி கொட்டினால் வெளிச்சம் உள்ளே போகாது. அடியில் மீன்கள் மூச்சில்லாமல் சாகும். எல்லாம் உருகிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும், கரையெல்லாம் செத்த மீன் ஒதுங்கிக் கிடக்கும்" என்றார்.

உன் சிரிப்பு நின்றுவிட்டது. "யாருமே ஒரு ஓட்ட போட்டு வுட மாட்டாங்களா சாமி?" என்று கேட்டாய். சில ஏரிகளில் போடுவார்கள், எல்லா ஏரிக்கும் ஆள் கிடையாது என்றார். அன்றைக்கு நீ குழம்பு மீனைத் தொடவே இல்லை. வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் 'வேசம் போடறான்' என்று நீயே சொல்லியிருப்பாய்.

பிறகு உனக்கு மூச்சிழுப்பு வந்தது. ஏழு நாள் விசிறினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டாய், சனிக்கிழமை அடக்கம்.

நம் குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். சாவு விழுந்தால் அடக்கத்திலிருந்து மூன்றாம் நாள் பூசை வரைக்கும் யாரும் வலையையோ மம்பட்டியையோ தொடமாட்டார்கள். தொட வேண்டுமானால் சாவு வீட்டுக்காரர் வாயால் 'போங்க' என்று சொல்ல வேண்டும். அம்மாவும் இல்லாத வீட்டில் அதைச் சொல்ல நான் ஒருத்திதான்.

கல்லறையிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே சித்தப்பா வந்தார். "லூர்து, மீனுங்கோ மேல வந்து வாயப் பொளந்துக்கினு கீதும்மா. நீ ஒரு வார்த்த சொன்னா வெட்டிடுவோம்."

எனக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ! "என் நைனாவுக்காக மூணு நாளு குந்த முடியல, இல்ல? உங்களுக்கு மீனுதான் பெருசு!" என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும் நம் வாசலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, நைனா. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

திங்கள் விடியலில் நாற்றம் வீடு வரைக்கும் வந்தது. கரைக்கு ஓடினேன். பாலத்திலிருந்து மணல்மேடு வரைக்கும் மடவை மீன் செத்து மிதந்தது. உயிரோடு இருந்தவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடைசி இரண்டு நாள் நீ அப்படித்தான் மூச்சுக்குத் தவித்தாய். உனக்கு விசிறிய நான் அவற்றுக்கு ஒரு சொல் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேனே!

"வெட்டுங்க! வெட்டுங்க!" என்று அங்கேயே நின்று கத்தினேன். மத்தியானத்துக்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. பாதிதான் பிழைத்தது. பிழைத்த மீனுக்கு நீந்தவும் தெம்பில்லை, கையாலேயே பிடித்துவிடலாம். சித்தப்பாதான் சொன்னார்: "தப்பிச்சது தப்பிச்சதா இருக்கட்டும். மழ வர்ற வரைக்கும் ஆத்துல எவனும் வல போடக்கூடாது." தன் ஊரிலும் பனிக்காலத்தைத் தாண்டிப் பிழைத்த மான்கள் வெயில் வரும்போது எலும்பும் தோலுமாகத்தான் நிற்கும், அப்போது துரத்தினாலே செத்துப்போகும் என்று சாமியாரும் சொன்னார். அத்தனை வீடுகளும் அரை வயிறு சாப்பிட்டுக் காத்திருந்தன. என்னை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மழைக்குப் பிறகு மடவைக் குஞ்சு திரள் திரளாக வந்தது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்களே, அங்கே மீன் தின்ற கூழைக்கடாப் பறவையெல்லாம் இப்போது இங்கேதான் வருகிறது போலிருக்கிறது. ஆனாலும் என் மனசு ஆறவில்லை.

நேற்றுச் சித்தப்பா வாசலோடு நின்றுகொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "மீனு மேல வர ஆரம்பிச்சிடுச்சு. பரவால்ல, அண்ணனோட வருசப் பூச முடியட்டும். நாங்க காத்துக்கினு கீறோம்." நான் அன்றைக்குச் சொன்னதை அவர் மறக்கவில்லை. எப்படி மறப்பார்?

உன்னை அனுப்பிவைக்க எனக்கு மனசு வரவில்லை, நைனா. அதற்குப் போய் ஒரு ஆற்றையே பிடித்து நிறுத்திவிட்டேன்.

நாளை விடிந்ததும் நான்தான் முதல் ஆளாகக் கரைக்குப் போவேன். சேலையைச் செருகிக்கொண்டு மணல் சுமப்பேன். பூசை கொஞ்சம் காத்திருக்கும், சாமியாரிடம் கேட்டுவிட்டேன். கடல் உள்ளே வந்த பிறகு, படிக்கத் தெரியாத சித்தப்பாவுக்கு இந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டி, அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பேன். இனி எந்தச் சாவுக்கும், என் சாவே ஆனாலும், அந்த வாயை ஒரு நாள்கூட அடைத்துவைக்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் ஒரே மகள்,
லூர்து